பைக் ஏற்றும் டிரெய்லர்: தொப்பூர் இறக்கத்தை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை பைக்கைக் கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு டிரெய்லர் தேவையில்லை. குட்டியானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாலே போதும். மாங்காய் சீசனில் மட்டும் அந்த வண்டிக்காகச் சற்றுக் காத்திருக்க நேரும். பழைய புல்லட்டுகளை வாங்கிச் சீர்செய்து விற்பவர்களும், மண்பாதைப் போட்டிகளுக்கு வண்டியை அடிக்கடி எடுத்துச் செல்பவர்களும் சொந்த டிரெய்லரைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லரை அல்ல, அதை இழுக்கப்போகும் வண்டியை. அதன் கையேட்டில் எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அத்துடன் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொலிரோ, ஸ்கார்ப்பியோ போலத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உள்ள வண்டிகள் இந்த வேலைக்கு ஏற்றவை. டிரெய்லரை மாட்டும் கொக்கியைச் சேசிஸில்தான் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். பம்பரில் பற்றவைத்துத் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நம் பகுதியில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடமே சிறியதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. சிக்கல் இரும்பில் இல்லை, ஸ்பிரிங்கில் இருக்கிறது. டன் கணக்கில் கரும்பும் செங்கல்லும் சுமக்கும் வண்டிக்குப் போடுகிற ஸ்பிரிங் பட்டை, 195 கிலோ எடையுள்ள ஒரு புல்லட் 350-ஐ ஏற்றினால் சற்றும் வளையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரெய்லர் துள்ள, அந்த அதிர்ச்சி முழுவதும் பைக்கின் ஃபோர்க்குக்கும் கட்டிய பெல்ட்டுக்கும் போகும். ஸ்பிளெண்டர் அதைவிட மிக இலேசானது என்பதால் இன்னும் அதிகமாகக் குதிக்கும். ஆகவே, நீங்கள் ஏற்றப்போகும் எடையைச் சொல்லி, அதற்கேற்ற மெல்லிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் டிரெய்லரின் பின்பக்கத்தில் இருவர் ஏறி நின்றால், பட்டை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அமுங்க வேண்டும்.

அடுத்தது சமநிலை. இதை அலட்சியப்படுத்தியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். டிரெய்லரும் பைக்கும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். டிரெய்லர் 185 கிலோ, பைக் 195 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 380 கிலோ. கொக்கியில் 38 முதல் 57 கிலோ வரை நிற்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். மிகுதியானால் இழுக்கும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரப் பிடிமானம் குறையும். அளப்பது எளிது: பைக்கை ஏற்றிக் கட்டிய பின், டிரெய்லரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்முனையை மண்டியில் தக்காளிப் பெட்டி நிறுக்கும் தராசின் மேல் வைத்துப் பாருங்கள். முனை, கொக்கியின் உயரத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் இடையில் ஒரு கட்டையை நிறுத்துங்கள். கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எடை சரியாக வராவிட்டால் பைக்கை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும். ஆகையால், முன்சக்கரம் பொருந்தி நிற்கும் தடுப்பைத் தளத்தோடு பற்றவைக்காமல், போல்ட் மூலம் இடம் மாற்றக்கூடியதாக அமைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வசதி இல்லாத டிரெய்லரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

தளம் முழுவதும் தகடு அடித்ததாக இருப்பது நல்லது. சக்கரம் ஓடும் தண்டவாளம் மட்டும் உள்ள வகை இலேசானதுதான், ஆனால் பைக்கைத் தள்ளி ஏற்றும்போது பக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. நான்கு அடி அகலமும், பைக்கின் நீளத்தைவிட அரையடி கூடுதலான நீளமும் போதும். ஏற்றுபலகை ஏழடிக்குக் குறையக் கூடாது. அதன் மேல்முனையைத் தளத்தோடு கொக்கியால் மாட்டும் ஏற்பாடும் வேண்டும், இல்லையென்றால் பின்சக்கரம் ஏறும் நேரத்தில் பலகை பின்னால் உதைத்துக்கொண்டு போய்விடும்.

கட்டும் வளையங்கள் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் தளத்தின் ஓரத்தில், சட்டத்தோடு பற்றவைத்தவையாக இருக்கட்டும். ஒருமுறை வாடகை வண்டியில் என் பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். தர்மபுரி வரை அசையவில்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பைக் முன்னோக்கி நழுவி, ஸ்டாண்டிலிருந்து விடுபட்டுச் சாய்ந்தது. கண்ணாடியும் கிளட்ச் லீவரும் போயின. அன்று முதல் இரு சக்கரமும் தளத்தில் படிய, ஸ்டாண்ட் போடாமல், முன்சக்கரத்தைத் தடுப்போடு முட்டவைத்து, ராட்செட் பெல்ட்டால் முன் ஃபோர்க் பாதியளவு அமுங்கும்வரை இழுத்துக் கட்டுகிறேன். முழுவதும் அமுக்கினால் ஆயில் சீல் கெடும். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால் காவேரிப்பட்டணத்தில் ஒருமுறையும், தர்மபுரியைத் தாண்டி இறக்கம் தொடங்கும் முன் மறுமுறையும் நிறுத்திப் பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சிறு டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பிரேக் இருப்பதில்லை என்பதால், அந்த இறக்கத்தில் மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

சக்கரம் 12 அங்குலமாக, குட்டியானையின் டயரே பொருந்துவதாக இருந்தால், பாலக்கோட்டிலும் பஞ்சர் கடையில் மாற்று கிடைக்கும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு சங்கிலிகள், பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை கட்டாயம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பட்டறைக்காரர் தரும் விற்பனைச் சான்று பதிவுக்கு ஏற்கப்படுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். இழுக்கும் வண்டியின் காப்பீடு டிரெய்லரையும் சேர்த்துக்கொள்கிறதா என்பதையும் முகவரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள்.