ஏப்ரல் 14க்குக் கச்சேரி வைத்து நிதி திரட்டப் போகிறீர்களா?

அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஒரு கச்சேரி வைத்து, சேரும் பணத்தை ஏரியா இரவுப் பாடசாலைக்குக் கொடுக்கலாம் என்று நாலு பேர் டீக்கடையில் பேசி முடிவெடுத்துவிட்டீர்கள், சரி. ஜனவரியிலேயே குழுக்களிடம் பேசிவிடுங்கள். ஏப்ரல் 14 அன்று கானா பாடுகிறவர்களுக்கும் பறைக் குழுக்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. முந்தின சனிக்கிழமையே வைத்தால் ஆட்கள் கிடைப்பார்கள்.

"நல்ல காரியம்தானே, சும்மா வந்து பாடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். சினிமாப் பாடகரிடம் இப்படிக் கேட்க நமக்கு வாய் வராது, சுயாதீனக் கலைஞர் என்றால் மட்டும் வந்துவிடும். ரிகர்சல் வாடகை, டிரம்ஸ் ஏற்றிவரும் வண்டி, சாப்பாடு, இவற்றோடு சின்னதாக ஒரு தொகை. வேண்டாமென்று அவர்களே சொன்னால் அது அவர்கள் தரும் நன்கொடை, மேடையிலேயே அறிவியுங்கள்.

மைக் செட்காரரிடம் மொட்டையாக 'ஒரு நிகழ்ச்சி' என்று சொன்னால், பொதுக்கூட்ட மைக் நாலோடு வந்து நிற்பார். 2018ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கானா, ராப், ராக் என்று கிட்டத்தட்ட 20 பேர். அந்த மாதிரிக் குழு என்றால் யாருக்கு என்ன மைக், மிக்ஸரில் எத்தனை சேனல் என்று குழுவிடமே எழுதி வாங்கி அவரிடம் கொடுங்கள். பறை இருந்தால் காய்ச்ச இடம் வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் சத்தம் 'தொம்'மென்று அமுங்கும், அனலில் காட்டினால்தான் கணீரென்று எழும். மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். ஒருமுறை கடைசி நேரத்தில் பார்க்கிங் மூலையில் காகிதம் கொளுத்திக் காய்ச்சினோம், வாட்ச்மேன் தண்ணீர் வாளியோடு பக்கத்திலேயே நின்றார்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வாங்கியாக வேண்டும், திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் இடம் பார்க்காதீர்கள். 2024 மாதிரி ஏப்ரலில் தேர்தல் வந்தால் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்ளும். 10 மணிக் கணக்கு இருப்பதால் பேச்சாளர் இரண்டு பேர் போதும், ஆளுக்கு 5 நிமிடம். யாராவது மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டால் கடைசிக் குழுவின் நேரம்தான் போகும்.

உண்டியலை வாசலிலேயே வைத்துவிடாமல் இரண்டு குழுக்களுக்கு நடுவில் கூட்டத்துக்குள் கொண்டுபோங்கள். கியூஆர் கோடு பாடசாலைக் கணக்குக்குப் போவதாக இருக்கட்டும், நம்மில் ஒருத்தர் நம்பருக்கு வேண்டாம். அன்றிரவே மூன்று பேர் முன்னால் எண்ணி, மறுநாள் வரவு செலவை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், ஜெனரேட்டர் டீசல் பில் போட்டோ உட்பட.