ராக் ஓபரா கேட்க உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகள், குறிப்பாக அந்த ஒன்று

இருபது வயதுக்காரர்களுக்கு ஒரு டபுள் ஆல்பத்தை, அதாவது இரண்டு ரெக்கார்டு நீளத்துக்கு ஓடுவதை, முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் ஆசை மறுபடி வந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற சின்னக் கூட்டத்திலேயே பாதிப்பேர் அந்த வயதுதான். வரட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் தடுக்கி விழுகிற இடங்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. முக்கால்வாசி நான் அந்த வயதில் விழுந்த அதே இடங்கள். ஷஃபிள் போடாதே, பாதியில் எழுந்து போகாதே, ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது சொல்லாமலே தெரியும்.

ராக் ஓபராவையும் கான்செப்ட் ஆல்பத்தையும் ஒன்றாக நினைப்பது

ராக் ஓபராவில் பாத்திரங்கள் உண்டு, கதை உண்டு. கான்செப்ட் ஆல்பத்துக்குப் பாட்டுகளைக் கட்டி நிறுத்தும் ஒரு பொருள் இருந்தால் போதும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) காலம், பணம், பைத்தியம், சாவு பற்றியது. அதில் ஹீரோ யார் என்று தேடினால் கிடைக்கமாட்டான். அதே குழுவின் 'தி வால்' (1979) பிங்க் என்ற பாடகனின் கதை. இன்னொன்று, கான்செப்ட் ஆல்பம் என்பது ராக் குழுக்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ஃபிராங்க் சினாட்ரா 1955இலேயே 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' என்று தனிமையையும் தூக்கம் வராத இரவையும் பற்றிய பாட்டுகளாகப் பார்த்துக் கோத்து ஓர் ஆல்பம் போட்டுவிட்டார்.

கதைச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதன் மேல்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு தம்பி வருவார். நல்ல காது, நல்ல ஆர்வம். ஆல்பம் ஓட ஆரம்பித்ததும் ஃபோனை எடுத்துக் கதைச் சுருக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். பாட்டு மாறும்போதெல்லாம் விரலால் நகர்த்துவார். ஒருநாள் இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ஓடிக்கொண்டிருக்கிறது. யூதாஸின் சாவு வரும் இடம். பாட்டு பாதிகூட ஆகவில்லை, இவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்கிறார்: "இப்போ தூக்குப் போட்டுக்குவான்."

அட, தெரியாதா? இரண்டாயிரம் வருஷமாக உலகத்துக்கே தெரிந்த கதை. அந்தப் பாட்டில் கேட்க வேண்டியது வேறு. ஆல்பத்தின் முன்பாதியில் மகதலேனா மரியாள், இந்த மனிதரை எப்படி நேசிப்பதென்றே எனக்குத் தெரியவில்லை என்று ஒரு பாட்டுப் பாடுவாள். யுவான் எலிமன் பாடியது, தனியாகவும் ஹிட்டான பாட்டு. சாகப் போகும் யூதாஸ் (பாடுவது மரே ஹெட்) தன் கடைசி நிமிஷத்தில் அதே மெட்டை எடுக்கிறான், அதே சொற்களோடு. காட்டிக்கொடுத்தவனுக்கும் காலடியில் இருந்தவளுக்கும் ஒரே பாட்டு. இவ்வளவுக்கும் ஆல்பம் யாரையும் நிறுத்தி விளக்கம் சொல்வதில்லை, மெட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. நம் தம்பி அந்த நேரம் அடுத்த பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

இது ஓர் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. முதல் பாட்டில் யூதாஸ் இயேசுவை எச்சரிக்கும்போது கீழே ஒரு கிட்டார் ரிஃப், திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னத் துணுக்கு, ஓடும். கடைசியில் ரோம ஆளுநர் பிலாத்து முப்பத்தொன்பது கசையடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதும் அடியில் ஓடுவது அதே ரிஃப். அன்று சொன்னேனே, கேட்டாயா என்று யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. எருசலேமை நினைத்து இயேசு பாடுவதும், அதற்கு அடுத்ததாகப் பிலாத்து தன் கனவைச் சொல்வதும் ஒரே மெட்டு. தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் தீர்ப்புக்கு நிற்கப் போகிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் முன்பே ஒரே ராகத்தில் பாடிவிடுகிறார்கள். எந்தக் கதைச் சுருக்கத்தில் இது வரும்? "பிலாத்து கனவு காண்கிறான்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

ராக் ஓபராவில் கதை நடப்பது மெட்டில். சொற்கள் பாதிதான் சொல்லும். கதைச் சுருக்கம் அந்தப் பாதியிலும் பாதி. அதைப் படித்துக்கொண்டு கேட்டால் "அடுத்து என்ன" என்பதிலேயே மனசு நிற்கும். "இதை எங்கேயோ கேட்டோமே" என்று காது திரும்பிப் பார்க்காது. பாரதக் கூத்துக்குப் போகிறவர் யாருக்குத் துகிலுரிதல் கதை தெரியாது? தெரிந்துதான் போகிறோம். அதற்காக மேடையில் துச்சாதனன் வந்து நிற்கும்போது யாராவது மடியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பார்களா?

தி ஹூ குழுவின் 'குவாட்ரஃபீனியா' (1973) இந்தத் தவறால் அதிகம் அடிபட்ட ஆல்பம். கதையாகச் சொன்னால் நாலு வரி. ஜிம்மி என்ற லண்டன் பையன், மாட் என்ற, அறுபதுகளின் ஸ்டைலான இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவன். வீட்டில் சண்டை, காதலில் தோல்வி. பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறான், தான் தலைவனாக நினைத்த ஆள் அங்கே ஹோட்டலில் பெட்டி தூக்குவதைப் பார்க்கிறான். படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் ஒரு பாறைக்குப் போய், மழையில் நிற்கிறான். முடிந்தது. சுருக்கத்தைப் படித்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் என்ன ஆனான்? செத்தானா, இல்லையா?"

குழுவின் கிட்டார் கலைஞரும் பாட்டுகளை எழுதியவருமான பீட் டவுன்ஷெண்ட் அந்த ஆல்பத்தில் நான்கு மெட்டுகள் வைத்திருக்கிறார். ஜிம்மிக்குள் இருக்கும் நான்கு ஆட்களுக்கு ஒவ்வொன்று. குழுவில் இருந்த நான்கு பேருக்கும் ஒவ்வொன்று என்றும் சொல்லலாம். முதல் டிராக்கில் அலைச் சத்தத்துக்கு நடுவே நாலும் துண்டு துண்டாகக் காதில் விழும், தூரத்தில் யாரோ ரேடியோ வைத்த மாதிரி. பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவை தனித்தனியே அலைகின்றன. கடைசிக்கு முந்தைய டிராக்கில் பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். அங்கேதான் நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கலக்கின்றன. ஜிம்மிக்கு என்ன ஆயிற்று என்பதற்கான பதில் அந்த ஆறரை நிமிஷத்தில்தான் இருக்கிறது. சொற்களே இல்லாத டிராக் என்பதால் கதைச் சுருக்கம் அதைப் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடும். அதைப் பின்பற்றுகிறவரும் சேர்ந்து குதிப்பார், சில சமயம் நிஜமாகவே டிராக்கைத் தள்ளிவிட்டு.

கதையை ரொம்ப நோண்டினால் வரும் இன்னொரு வம்பையும் சொல்லிவிடுகிறேன். தி ஹூவின் 'டாமி'யில் (1969) கண், காது, வாய் மூன்றும் இல்லாத பையன் பின்பால் ஆட்டத்தில் (காசு போட்டு, உருளும் குண்டைத் தட்டி விளையாடும் இயந்திரம்) சாம்பியன் ஆகிறானே, இதன் உட்பொருள் என்ன என்று ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் பேசினார். விதி, இயந்திரம், முதலாளித்துவம் என்று எங்கெங்கோ போனார். நடந்தது இதுதான். ஆல்பம் முடியும் தறுவாயில் டவுன்ஷெண்ட் அதை நிக் கோன் என்ற விமர்சகருக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. அவர் பின்பால் பைத்தியம் என்று டவுன்ஷெண்டுக்குத் தெரியும். சரி, பையனை பின்பால் வீரன் ஆக்கிவிடுவோம் என்று ஒரு பாட்டை எழுதிச் சேர்த்துவிட்டார். ஆல்பத்திலேயே பிரபலமான பாட்டு அதுதான்.

சரி, எப்படிக் கேட்பது? முதல் தடவை ஒன்றும் வேண்டாம், பாடல் வரிகள்கூட வேண்டாம். புரியாமல் போகும், போகட்டும். எந்த மெட்டு திரும்பி வந்தது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது தடவை வரிகளைக் கையில் எடுங்கள். அதற்குப் பிறகும் கதை பிடிபடவில்லை என்றால் சுருக்கத்தைப் பாருங்கள், தப்பில்லை. அப்போது அது சொல்லாமல் விட்டது எது என்பது உங்களுக்கே தெரியும்.

படத்தை முதலில் பார்ப்பது

'டாமி' ஆல்பத்தில் போரில் செத்ததாக நினைத்த கேப்டன் வாக்கர், டாமியின் அப்பா, வீடு திரும்பி, மனைவியின் காதலனைக் கொல்கிறார். கென் ரஸ்ஸல் எடுத்த படத்தில் (1975) தலைகீழ். காதலன்தான் கேப்டனைக் கொல்கிறான். படம் பார்த்துவிட்டு ஆல்பத்துக்கு வந்தால் பையன் கண்ணெதிரே செத்தது அப்பாவா, வேறு ஆளா என்பதிலேயே குழம்பி ரெக்கார்டின் முதல் பக்கம் முழுக்க வீணாகப் போய்விடும். 'தி வால்' படத்திலும் (1982) 'ஹே யூ' பாட்டே கிடையாது. ஆல்பத்தின் இரண்டாம் பாதிக்குக் கதவைத் திறக்கிற பாட்டு அது.

பாட்டுகளுக்கு நடுவே ஓட்டை விழ விடுவது

எம்பி3 கோப்புகளில் டிராக்கின் முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பாட்டுக்கு அது தெரியாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகிற ஆல்பத்தில் ஒவ்வொரு மூட்டிலும் 'டக்' என்று காதில் இடிக்கும். கேப்லெஸ் பிளேபேக், அதாவது டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி, இருக்கிற பிளேயரில் கேளுங்கள். சிலர் இதற்கு வைத்தியமாக, ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததை மேலே ஏற்றுகிற கிராஸ்ஃபேடைப் போட்டுக்கொள்கிறார்கள். அது இன்னும் மோசம், பாட்டின் வாலையும் தலையையும் சேர்த்துத் தின்றுவிடும். பூஜ்யத்தில் வையுங்கள்.

'தி வால்' கடைசி டிராக்கின் முடிவில் ஒரு குரல் பாதி வாக்கியம் சொல்லி அறுந்து போகும். மீதி வாக்கியம் முதல் டிராக்கின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆல்பத்தை ரிப்பீட்டில் விட்டால் வட்டம் மூடிக்கொள்ளும். அந்தத் தொடக்கம் மிகவும் மெல்லிசாக இருக்கும். கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள். சில நொடிகளில் மொத்தக் குழுவும் மேலே விழும். ஹாலில் இதில் அலறாதவர் இல்லை.

டீலக்ஸ் எடிஷனில் தொடங்குவது

வேண்டாம். மேலே சொன்ன வட்டத்தின் நடுவில், ஆல்பத்தில் இல்லாத பத்து டெமோ பாட்டு, அதாவது முன்மாதிரிப் பதிவு, வந்து உட்கார்ந்துவிடும்.

பழைய டபுள் ரெக்கார்டின் பக்க வரிசையைப் பார்க்காதது

ரெக்கார்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழுந்து பாடுகிற சேஞ்சர் பிளேயர்கள் அந்தக் காலத்தில் இருந்தன. அவற்றுக்காகவே பல டபுள் ஆல்பங்களை ஒரு தட்டில் 1, 4 பக்கங்கள், மற்றதில் 2, 3 என்று அச்சடித்தார்கள். 'டாமி'யின் பழைய பிரஸ்ஸிங்குகளிலும் இதைப் பார்க்கலாம்.

நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட பிரதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடுத்த தட்டு என்று வரிசையாக. விளைவு: டாமி குணமாகிவிட்டான் என்ற செய்தி வந்து, அவனுக்கு பக்தர்கள் சேர்ந்து, அவர்களே அவனை உதறிவிட்டுப் போன பிறகு, பையன் மறுபடி சின்னவனாகி கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறான். நண்பர் அதைப் பல மாதம் அப்படியே கேட்டு, "நான்-லீனியர் திரைக்கதை, அந்தக் காலத்திலேயே!" என்று என்னிடம் சிலாகித்தார். லேபிளில் இருக்கும் பக்க எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அட்டையில் அச்சானதை எல்லாம் நம்புவது

ஜெத்ரோ டல் குழுவின் முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம் என்று சொல்ல, அதன் பாடகர் இயன் ஆண்டர்சன் இல்லை என்று மறுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. உங்களுக்குக் கான்செப்ட்தானே வேண்டும் என்று 1972இல் 'திக் அஸ் எ பிரிக்' போட்டார். இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. வரிகளை எழுதியது ஜெரால்டு பாஸ்டாக் என்ற எட்டு வயதுக் கவிஞன் என்று அட்டை சொல்லும். அட்டையே பன்னிரண்டு பக்க உள்ளூர்ப் பேப்பர். பையனும் கிடையாது, அந்தப் பேப்பரும் கிடையாது. அந்தக் கவிஞன் பிற்பாடு என்ன எழுதினான் என்று இன்றும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள்.

'தி வால்' முதல் பதிப்பு அட்டை வேறு மாதிரி. 'ஹே யூ' பாட்டின் இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள், இன்னொரு பாட்டை நீளம் காரணமாக வெட்டினார்கள். உறை அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது. அதனால் இல்லாத பாட்டுக்கும் வரிகள் இருக்கும், இருக்கிற பாட்டின் வரிகள் வேறு இடத்தில் இருக்கும். ரெக்கார்டு கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு பாட்டையும் விடாமல் கதைக்குள் இழுப்பது

டேவிட் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' (1972) ஆல்பத்தில் முதல் பக்கம் முடிகிற பாட்டு வேறொருவர் எழுதி முன்பே வெளிவந்தது. அதற்கும் ஆல்பத்தின் நாயகன் ஸிக்கிக்கும் சம்பந்தம் தேடி மண்டையை உடைக்காதீர்கள்.

நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்பது

பக்கம் முடிந்தால் திரை விழுந்தது என்று அர்த்தம். எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

'லாம்ப்'இல் தொடங்குவது

ஜெனசிஸ் குழுவின் 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) ஒன்றரை மணி நேரம் ஓடும். ரயேல் என்ற நியூயார்க் பையன் தரைக்கடியில் எங்கெங்கோ போகிறான். பீட்டர் கேப்ரியல் கதையை அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார். பாட்டைவிட அது கஷ்டம். நண்பர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று இதை முதலில் எடுத்தவர்கள் பலர் இரண்டாம் ஆல்பத்துக்கு வரவே இல்லை.

கிரீன் டேயின் 'அமெரிக்கன் இடியட்' (2004) ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், காதுக்குப் பழகிய சத்தம். அதில் ஒன்பது நிமிஷம் ஓடுகிற, ஐந்து துண்டுகளால் ஆன 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிக்கும். அடுத்து 'சூப்பர்ஸ்டார்', 1970இல் வந்த முதல் ஆல்பப் பதிப்பு, இயன் கில்லன் இயேசுவாகப் பாடியது. அப்புறம் 'டாமி', அப்புறம் 'குவாட்ரஃபீனியா'. ஃபோன் பக்கத்து அறையில் இருக்கட்டும்.