குளம் சீரமைக்கக் கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசானம் என்னும் இரண்டாம் போக நெல்லின் அறுவடை முடிந்து குளங்கள் வற்றத் தொடங்கியதும், நெல்லைச் சீமையின் ஏதாவதோர் ஊரில் இளைஞர்கள் கூடி, பணம் திரட்டி, தங்கள் குளத்தைச் சீரமைக்கக் கிளம்புகிறார்கள். அவர்களுடைய அக்கறையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அள்ளிய குப்பையைக் கரையிலேயே குவிக்கக் கூடாது, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எவரும் இரண்டொரு நாளில் தாமாகவே தெரிந்துகொள்வார்கள். தெரிந்துகொள்வதற்குள் குளத்தையே கெடுத்துவிடக்கூடிய தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வரத்துக்காலைப் பார்க்காமல் குளத்தில் இறங்குவது

பொதிகையில் பெய்யும் மழை காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எனப் பல வழிகளில் இறங்கித் தாமிரபரணியில் சேர்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகள் அந்த நீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களுக்கு அனுப்புகின்றன. மானாவாரிக் குளங்களுக்குக் காட்டோடைகள்தாம் வரத்து. எந்தக் குளமானாலும் முதல் வேலை, வரத்துக்காலை, அதாவது தண்ணீர் வரும் வழியை, மேலே வரை நடந்து பார்ப்பதாகும். குளம் நிரம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் குளத்தில் இருப்பதில்லை. சாலைக்கு அடியில் பதித்த சிறு குழாயில் மண் அடைத்துக் கிடக்கும். அல்லது ஒருவர் தம் வயலுக்கு வண்டிப்பாதை வேண்டி ஓடையில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கியிருப்பார்.

மடை மட்டத்துக்குக் கீழே தோண்டுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த கோடையில் இன்னோர் ஊரில் இதே தவறு நடந்துவிடுகிறது.

குளத்தை ஆழப்படுத்தினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் குளத்து நீர் எந்த இயந்திரமும் இல்லாமல், மட்டத்தின் இறக்கத்தாலேயே, கரையில் உள்ள திறப்பான மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் ஆயக்கட்டுக்கு, அதாவது குளத்தை நம்பிய வயல்களுக்கு, ஒரு சொட்டும் போய்ச் சேராது. அது மட்டுமன்று; மழை பெய்து ஓடிவரும் முதல் தண்ணீர், தோண்டிய பள்ளங்களையெல்லாம் நிரப்பிய பிறகே மடையின் வாயைத் தொடும்.

நாங்குநேரிப் பக்கத்து ஊர் ஒன்றில், மண்ணை எடுத்துக்கொள்ள அனுமதித்தால் செலவில்லாமல் தூர்வாரித் தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் முன்வந்தார். இளைஞர்களும் மகிழ்ந்து சம்மதித்தார்கள். அவருக்கு வேண்டியது நல்ல மண். ஆகவே அது எங்கே கிடைத்ததோ அங்கே ஆள் உயரத்துக்கும் மேலாகத் தோண்டினார், மேடு தட்டிக் கிடந்த உள்வாய்ப் பகுதியைத் தொடவே இல்லை. அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் மழை குறைவில்லாமல் பெய்தது. மடை திறக்கும் பெரியவர் என்னை அழைத்துச் சென்று காட்டினார். மடைக்கல்லின் மேல் ஈரம்கூட இல்லை. அதற்கு ஒரு முழம் கீழே தண்ணீர் பரந்து கிடந்தது. "தம்பி, குளத்துல தண்ணி கெடக்கு, வயலுக்குத்தான் வர மாட்டேங்கு" என்றார். ஊர்க்காரர்கள் டீசல் இன்ஜின் வைத்து இறைத்துத்தான் நாற்றைக் காப்பாற்றினார்கள்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. குளத்தின் அடியில் பல தலைமுறைகளாகப் படிந்த நுண்ணிய களி, சாணம் மெழுகிய தரையைப்போல நீரைத் தாங்கி நிற்கும். அதைக் கிழித்துச் சரள் மண் வரை இறங்கிவிட்டால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும். அந்தக் குளத்திலும் மாசி வரை கிடக்கும் தண்ணீர் தை பிறப்பதற்குள் வற்றிப்போனது. கரையின் அடியை ஒட்டித் தோண்டிய இடத்தில் கரையே சரிந்து, அடுத்த ஆண்டு மண்மூட்டை அடுக்கிக் காவல் இருக்க வேண்டியதாயிற்று. தோண்டிய மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து போட அந்த ஒப்பந்தக்காரர் வரவில்லை. போட்டாலும் பழைய களி ஆகிவிடாது.

கணக்கையும் பாருங்கள். 40 ஹெக்டேர் குளத்தில் 30 செ.மீ. மண்ணை எடுப்பதென்றால் அது 1,20,000 கன மீட்டர். மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் ஏறத்தாழ 14,000 நடை. எந்த இளைஞர் குழுவின் பணமும் அதற்குக் காணாது. அதே பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வரத்துக்காலை முழுமையாகச் சுத்தம் செய்து, மடையின் கதவையும் சரிசெய்துவிடலாம். மண் எடுத்தே தீர வேண்டுமானால், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தைக் கொண்டு மடையின் அடிமட்டத்தைக் குளத்துக்குள் பல இடங்களில் முளை அடித்துக் குறித்துவிட்டு, அதற்கு மேல் படிந்த வண்டலை மட்டும், கரையை விட்டு நன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஆடுமாடுகளுக்காக ஒரு மூலையில் சிறு பள்ளம் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மறுகாலை உயர்த்திக் கட்டுவது

குளம் நிரம்பியதும் மிகுந்த நீர் வழிந்தோடும் மறுகாலின் மேல் இரண்டு வரிசை செங்கல் வைத்தால் நம் குளத்தில் கூடுதலாக நீர் தங்கும் என்று எண்ணுவோர் உண்டு. நம் மறுகால் தண்ணீர்தான் கீழ்க்குளத்தின் வரத்து. மேலும், மறுகால் உயர்ந்தால் வெள்ளத்தின்போது கரைக்கும் நீருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பல குளங்கள் உடைந்ததை நாம் கண்ணால் கண்டோம். ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் கீழ்க்குளத்தின் மேல்தான் வந்து விழும்.

கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் ஒன்றாக எண்ணி வெட்டுவது

நாட்டுக் கருவேலம் நீருக்குள் நின்று பறவைகளுக்குக் கூடு கட்ட இடம் தரும் மரம்; பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதை விட்டுவிடுங்கள். சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும் என்பதால் வேரோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் கரையில் நிற்பதை இயந்திரத்தால் பிடுங்கினால் கரை இளகிவிடும். அங்கே வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மீண்டும் வெட்டிக்கொண்டே வாருங்கள்.

பருவம் தவறி வேலையைத் தொடங்குவது

ஆற்றுப்பாசனக் குளமானால் கார் என்னும் முதல் போகச் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் ஜூனுக்கு முன்பு வேலை முடிந்துவிட வேண்டும். மானாவாரிக் குளமானால் புரட்டாசிக்கு முன்பு.

அனுமதி வாங்காமல் மண்ணைத் தொடுவது

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எழுத்தில் வாங்குங்கள்.

கரையில் பனை விதையை ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது

முளைத்ததை ஆடு கடிக்காமல் காக்க ஆள் இல்லையென்றால் ஊன்ற வேண்டாம்.

எதையும் எழுதி வைக்காமல் விடுவது

முதல் தண்ணீர் குளத்துக்கு வந்த நாள், மறுகால் பாய்ந்த நாள், மடையில் தண்ணீர் பாய்வது நின்றுபோன நாள் ஆகிய மூன்றையும் வேலைக்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வேலையால் குளத்துக்கு நன்மை விளைந்ததா என்று ஊர்க்கூட்டத்தில் கேள்வி எழும்போது, புகைப்படத்தைக் காட்டினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மடை திறப்பவரிடமே நோட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு நாளும் விடுபடாது.