நண்பர்களோடு ஆடலாம், காதால் மட்டுமே

பார்வையற்றோருக்கான ஒலி ஆட்டங்களைத் தனியாக ஆடிச் சலித்தவர்கள் முதலில் குவென்டின் சி பிளேரூம் என்ற இணைய ஆட்டக் கூடத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். ஊனோ, லூடோ, போக்கர் என்று மேசைகள் இருக்கும். பிடித்த மேசையில் உட்கார வேண்டியதுதான். முறை வைத்து ஆடுபவை என்பதால் இணையம் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆர்எஸ் கேம்ஸும் இதே ரகம்.

வாசித்து ஆடப் பிடிக்குமா? ஆல்டர் ஏயான். முழுக்க எழுத்தாலான உலகம், பார்வையற்ற ஆட்டக்காரர்கள் நிறையப் பேர். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஒலிகளும் சேர்ந்த மஷ்-இசட் மென்பொருளோடு நுழைவது நல்லது.

ஸ்வாம்ப் வேறு மாதிரி. ஜாம்பி எந்தப் பக்கம் உறுமுகிறது என்று காதால் பிடித்து உடனே சுட வேண்டும். இதற்கு ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். ஒலி தாமதமாக வரும். விண்டோஸில் அதன் மைக்கை இயக்கினால் பல ஹெட்செட்களில் ஒலித்தரமும் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும், இடது வலது தெரியாது. நானும் இப்படிப் பலமுறை செத்திருக்கிறேன்! சாதாரண வயர் இயர்போனே போதும். இடது, வலது மாற்றி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் தானே பேசும்போது என்விடிஏ என்ற திரைவாசிப்பானும் குறுக்கே பேசினால், என்விடிஏ விசை (வழக்கமாக இன்செர்ட்), ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த ஆட்டத்துக்குள் மட்டும் அது வாய் மூடும். லேப்டாப் விசை அமைப்பு என்றால் எஸ்ஸுக்குப் பதில் இசட். திரும்பப் பேச வைக்கவும் அதே விசைகள்தான்.