அப்பா காரியம் முடிஞ்சதும் அண்ணன் தம்பி அக்கா எல்லாம் எப்படி உக்காந்து பேசுறது

பதினாறாம் நாள் முடியிற வரைக்கும் சொத்துப் பேச்சே வேணாம், உருமா (தலைப்பாகை) கட்டுற கூட்டத்துல எந்தப் பெரியப்பாவாச்சும் "வீடு யாருக்குப்பா"ன்னு ஆரம்பிச்சா டீயக் குடுத்து பேச்ச மாத்திருங்க.

வருசக்கணக்கா பேசாத அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் தட்டாதீங்க, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயி "வாண்ணே"ன்னு கூட்டிட்டு வாங்க, பழைய கணக்க அங்கயே தீர்க்கணும்னு இல்ல.

பேப்பர் வேலை சுலபம்தான். இறப்ப 21 நாளைக்குள்ள பதிஞ்சா கட்டணம் கிடையாது, அப்புறம் இ-சேவைல வாரிசு சான்றிதழுக்கு போடுங்க, கட்டிக்குடுத்த அக்கா பேரு விட்டுப்போகக் கூடாது.

சண்டை வர்ற எடம் பங்குதான். இந்துக் குடும்பத்துல அப்பா சுயமா சம்பாதிச்சது, உயிலும் எழுதலைன்னா, அம்மாவுக்கும் எல்லா பிள்ளைகளுக்கும் சமபங்கு, அப்பாவ பெத்த அப்பத்தா இருந்தா அவங்களுக்கும் ஒண்ணு (இத பாதிப்பேரு மறந்துர்றாங்க). "அக்காவுக்குத்தான் நகை போட்டாச்சே"ன்னு சொல்றதெல்லாம் சட்டத்துல நிக்காது. அக்காவே மனசார விட்டுக்குடுத்தா விடுதலைப் பத்திரம் பதியணும், வெறும் வாய்வார்த்தை போதாது, ஆனா அழுதுட்டு இருக்கப்ப கையெழுத்து வாங்காதீங்க, அசிங்கம்.

அம்மா யாரு வீட்டுல இருக்கணும்னு நீங்களா முடிவு பண்ணாம அவங்களயே கேளுங்க, பாதி அம்மாக்களுக்கு சொந்த வீட்டுலயே இருக்கத்தான் ஆசை.