அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவது: டைம்ஷிஃப்ட், கூடவே ஒரு பூட் பொறி

போன மாதம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், கறுப்புத் திரைதான் வந்தது. ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் முன்பு இருந்த நிலையின் பதிவு) கையில் இருந்ததால் பதறாமல் ரோல்பேக் செய்தேன், அதாவது அந்த நிலைக்குத் திரும்பினேன். திரை வந்துவிட்டது, ஆனால் வைஃபையைக் காணோம்! ஒரு ராத்திரியைத் தின்றது அந்த இரண்டாவது கோளாறுதான்.

லினக்ஸ் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிறுவும்போது, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு எக்ஸ்ட்4 (ext4) ஃபைல்சிஸ்டம் வேண்டாம், பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கொடுங்கள். அதில் ஸ்னாப்ஷாட் எடுக்க ஓரிரு நொடி போதும். ஃபைல்கள் எதுவும் நகலாவதில்லை. பழைய பிளாக்குகள் அப்படியே இருக்க, மாற்றங்கள் மட்டும் வேறு இடத்தில் எழுதப்படும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கக் கருவி? ஓப்பன்சூசே என்றால் கூடவே வரும் ஸ்னாப்பரே போதும், மாற்றாதீர்கள். உபுண்டு, மின்ட் என்றால் டைம்ஷிஃப்ட்தான் என் ஓட்டு. ரூட் சப்வால்யூமின் (பிடிஆர்எஃப்எஸுக்குள் இருக்கும் தனிப் பகுதி) பெயர் @ என்று இருந்தால்தான் அது பிடிஆர்எஃப்எஸ் முறையில் ஓடும். ஃபெடோரா 33-இலிருந்து (2020) டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்பு, ஆனால் அங்கே பெயர் வேறு. அதனால் டைம்ஷிஃப்ட் முரண்டு பிடிக்கும்.

1. டைம்ஷிஃப்டைத் திறந்து, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் அல்ல, பிடிஆர்எஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

2. உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் @ஹோம் சப்வால்யூமையும் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்காதீர்கள். சேர்த்தால், ரோல்பேக் செய்யும்போது நேற்று எழுதிய கட்டுரையும் சேர்ந்து பின்னால் போய்விடும்.

3. அப்டேட்டுக்கு முன் 'கிரியேட்' அழுத்தி, எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

4. சொதப்பினால் ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்', பிறகு ரீஸ்டார்ட். சிஸ்டம் எழவே இல்லையென்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, அங்கிருந்து டைம்ஷிஃப்டை ஓட்டுங்கள். உடைந்த நிலையையும் அது தனி ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்ளும்.

இனி என் ராத்திரிக் கதை. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்ததால் இன்ஸ்டாலர் /பூட் அடைவுக்குத் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போட்டிருந்தது. சிஸ்டத்தின் மையமான கெர்னல் இருப்பது அங்கே. அதன் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைத் துண்டுகள்) இருப்பதோ ரூட்டில். ஸ்னாப்ஷாட் ரூட்டை மட்டும்தான் பின்னுக்குக் கொண்டுபோனது. விளைவு, புதிய கெர்னல், பழைய மாட்யூல்கள். ஓடுகிற கெர்னலின் எண்ணில் மாட்யூல் அடைவே இல்லாதபோது வைஃபை டிரைவர் எங்கிருந்து வரும்? நானோ வைஃபை செட்டிங்கையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

தீர்வு இரண்டே நிமிட வேலை. ரீஸ்டார்ட் செய்து, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் உயிர் பெற்றது. ஆகவே பழைய கெர்னலை உடனே நீக்கிவிடாதீர்கள். புதிதாக நிறுவுகிறவர்கள் முடிந்தால் /பூட்டை ரூட்டுக்குள்ளேயே விடுங்கள்; இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் தனியாக இருந்தால் போதும்.

பிறகு சேர்த்தது: ரோல்பேக்குக்குப் பின் ரூட் மவுண்ட் ஆகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) ஃபைலில் சப்வால்யூமின் பெயரோடு அதன் ஐடி எண்ணும் இருந்திருக்கிறது. ரீஸ்டோர் செய்தால் @ என்ற பெயர் அப்படியே இருக்கும், எண் மாறிவிடும். அந்த எண்ணை அழித்துவிட்டு, பெயரை மட்டும் விடுங்கள்.

இன்னொன்று: பெரிய மென்பொருள்களை நீக்கியும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையா? பழைய ஸ்னாப்ஷாட்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். நான் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. அவையும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் செத்தால் கூடவே போய்விடும், பேக்கப்புக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.