பூசாத செங்கல் சுவருக்கு நாமே பாயிண்டிங் செய்வது எப்படி?

மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்ததும், பூச்சு இல்லாத செங்கல் வீட்டில் இருப்பவர்கள் கையில் ஒரு சாவியோடு வீட்டை ஒரு சுற்று வர வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஓடும் கலவைக் கோட்டைத்தான் கொத்தனார்கள் ஜாயிண்ட் என்பார்கள். அதில் சாவி முனையை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கீறல் மட்டும் விழுந்தால் கவலை இல்லை. மணலாகக் கொட்டினாலோ, கலவை இரண்டு நூல் (கால் அங்குலம்) அளவுக்கு உள்வாங்கியிருந்தாலோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். குறி போட்ட இடங்களில் பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் பாயிண்டிங். பொறுமை இருந்தால் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான். சுவர் மழையில் தண்ணீர் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விடும். கலவை மென்மையாக இருந்தால் அந்த ஈரமும் அதில் கரைந்த உப்பும் ஜாயிண்ட் வழியாக வெளியேறும். தேய்வதும் கலவைதான். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். கலவை கல் மாதிரி இறுகியிருந்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் போயாக வேண்டும். உப்பு செங்கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி, முகத்தையே பெயர்த்துத் தள்ளிவிடும்.

அம்மா பிறந்த வீடு கும்பகோணம் பக்கம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு. கொல்லைப்புறச் சுவரில் காரை உதிர்கிறது என்று ஒருவரை வைத்து சிமெண்டை அதிகமாகப் போட்டு பாயிண்டிங் செய்தார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. நாலைந்து மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் கோடுகள் ஜன்னல் கம்பி மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. நடுவில் செங்கற்கள் கிண்ணம் போலக் குழிந்திருந்தன. விரலை வைத்தால் செந்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கலவையை மாற்றலாம், அந்தச் செங்கல்லை யார் திருப்பித் தருவார்கள்? இதை எழுதத் தூண்டியதே அந்தச் சுவர்தான்.

முதல் வேலை: உங்கள் சுவர் எந்த வகை?

போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824இல். சென்னையில் 1904இல் சிமெண்ட் தயாரிக்க ஒரு முயற்சி நடந்து நின்றுபோனது. 1914இல் போர்பந்தரில் ஆலை ஓடத் தொடங்கிய பிறகுதான் நம் நாட்டில் சிமெண்ட் பெருகியது. அதனால் தாத்தா காலத்துக்கும் முந்திய வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையாகவே இருக்கும். வெளிறிய நிறம், நடுநடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள், நகத்தால் கீறினாலே கோடு விழுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிமெண்ட் கலவை சாம்பல் நிறத்தில் இருக்கும், நகத்துக்கு அசையாது.

இன்னொரு வகையும் உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘ராட் ட்ராப்’ கட்டு முறையில் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். நடுவில் வெற்றிடம் இருக்கும், முன்முகத்தின் கனம் மூன்று அங்குலம்தான். இந்தச் சுவரில் உளியை ஓங்கி அடிக்கக் கூடாது. ஜாயிண்ட் துளைத்துக்கொண்டால் நீங்கள் வைக்கும் கலவை உள்ளே விழுந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஒரே இடத்தில் மட்டும் ஜாயிண்ட் கரைந்திருந்தால் அதற்கு மேலே அண்ணாந்து பாருங்கள். ஏசி குழாய் சொட்டும், மொட்டை மாடித் தூம்பு சுவரோடு வழியும், சன்ஷேடின் அடிப்பக்கம் நீர் பின்னோக்கி ஓடும். தரையை ஒட்டிய இரண்டு மூன்று வரிசை மட்டும் போயிருந்தால் மழைநீர் தரையில் பட்டுத் தெறிப்பதாக இருக்கலாம், அல்லது கீழிருந்து ஈரம் ஏறுவதாக இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் பாயிண்டிங் செய்தால் இரண்டு வருஷத்தில் அதே இடத்தில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

படிக்கட்டு மாதிரி குறுக்கே ஏறும் விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து வையுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலோ அகலம் கூடியிருந்தாலோ அஸ்திவாரத்தில் கோளாறு இருக்கலாம். பொறியாளரை அழையுங்கள்.

தேவையானவை

தட்டை உளி, சின்னச் சுத்தியல், ஜாயிண்டைவிட ஒடுக்கமான பாயிண்டிங் கரண்டி, தேங்காய் நார் பிரஷ், செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயர், ஒரு இரும்புச்சட்டி, பழைய சாக்கு. முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். செங்கல் தூள் நுரையீரலுக்குக் கேடு, சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம். பழக்கம் இல்லாத கையில் அது ஒரு நொடியில் செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும்.

முதல் நாள் மூன்றடிக்கு மூன்றடி போதும், அதுவும் பின்பக்கச் சுவரில் ஆரம்பியுங்கள்.

சுரண்டுதல்

ஜாயிண்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழைய கலவையை எடுக்க வேண்டும். வழக்கமான மூன்று நூல் ஜாயிண்டுக்கு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். மேலாக மெழுகினால் புதுக் கலவை அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிடும். உளியை ஜாயிண்டின் நடுவில் வைத்துத் தட்டுங்கள், ஓரத்தில் நெம்பாதீர்கள். குழி உள்ளே வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கட்டும்.

அரசஞ்செடியோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் கிள்ளி எறிவதில் பயனில்லை, மறுபடி துளிர்க்கும். வேர் போகும் ஜாயிண்டைத் திறந்து, பிடித்து இழுக்க முடிகிற வரை எடுங்கள். அப்புறம் நார் பிரஷால் தூசியைத் தள்ளுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பு மறுபடி உள்ளேதான் போகும்.

முந்தின நாள் மாலை சுவரை நன்றாக நனையுங்கள். வேலைக்கு அரை மணி முன்பு இன்னொரு முறை. கலவை வைக்கும்போது ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் மினுமினுக்கக் கூடாது.

கலவை

சேம்பர் செங்கல்லில் (அறைச் சூளையில் சுட்ட செங்கல்) சிமெண்ட் வைத்துக் கட்டிய சுவருக்கு சிமெண்ட் 1, நீர்த்த சுண்ணாம்பு 1, மணல் 6. சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் சிமெண்ட் 1, மணல் 5. ஒன்றுக்கு மூன்று போட்டால்தான் ஸ்ட்ராங் என்று சொல்வார்கள். வீட்டுச் சுவருக்கு அந்த ஸ்ட்ராங் தேவையில்லை. பழைய காரைச் சுவருக்கு சிமெண்ட் ஒரு கரண்டிகூடக் கூடாது. நீர்த்த சுண்ணாம்பு 1, செங்கல் பொடி 1, மணல் 1. நம் ஊரில் இதற்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். தெரிந்த காரைக் கொத்தனார் பக்கத்தில் இருந்தால் அவரிடம் பக்குவம் கேட்டுச் சேருங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீர்க்க வைக்காதீர்கள், கொதித்துத் தெறிக்கும். நீர்த்ததையே வாங்குங்கள்.

மணல் சலித்ததாக, உப்பில்லாததாக இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மேலே வண்டல் எவ்வளவு படிகிறது என்று தெரிந்துவிடும். தடிமனாகப் படிந்தால் கழுவிப் பயன்படுத்துங்கள்.

மூன்று நூல் அகலம், ஆறு நூல் ஆழம் என்றால் 10 சதுர அடிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கலவை பிடிக்கும். சிதறுவதையும் சேர்த்து 4 லிட்டர் குழையுங்கள். பதம் கொழுக்கட்டை மாவு போல இருக்கட்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. தளர்வாக இருந்தால் செங்கல் முகமெல்லாம் வழிந்து கறையாகும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். சிமெண்ட் கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைக்காதீர்கள்.

நிரப்புதல்

சட்டியின் விளிம்பை ஜாயிண்டுக்குக் கீழே ஒட்டிப் பிடித்து, கரண்டியால் கலவையை உள்ளே தள்ளி அழுத்துங்கள். ஒரே தடவையில் நிரப்ப வேண்டாம். இரண்டு நூல் கனத்துக்கு வைத்து, சற்று இறுகியதும் அடுத்த அடுக்கு. மொத்தம் மூன்று அடுக்கு வரும். மேலிருந்து கீழே வாருங்கள்.

கடைசி அடுக்கு வைத்த பிறகு காத்திருக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் கலவை ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் வளைந்த கம்பியாலோ கரண்டி முனையாலோ அழுத்தி இழுத்து வழித்துவிடுங்கள். முதலில் நின்றவாட்டு ஜாயிண்ட், அப்புறம் படுக்கைவாட்டு ஜாயிண்ட். கலவை செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளே இருக்கட்டும். தண்ணீர் தேங்க இடம் கொடுக்கும் மேடு எதுவும் கீழ்விளிம்பில் வேண்டாம். சுவரின் அடியில் ஈரம் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

செங்கல் மேல் ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்தால் சுவர் முழுக்க வெள்ளைப் படலம் பரவும். மறுநாள் காய்ந்த பிரஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது இங்கே பரவலான பழக்கம். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கலவையைத்தான் அது முதலில் அரிக்கும்.

நனைத்தல்

ஈரச் சாக்கைச் சுவர் மேல் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை ஸ்ப்ரே அடியுங்கள். சிமெண்ட் கலந்ததற்கு ஒரு வாரம், சுண்ணாம்புக்கு இரண்டு வாரம். பைப்பை நேராகப் பிடித்து அடித்தால் புதுக் கலவை கரைந்து ஓடும். நம் ஊரில் தை, மாசி இதற்கு நல்ல மாதங்கள். சித்திரை வெயிலில் செய்தே ஆக வேண்டுமென்றால் நிழல் விழும் நேரமாகப் பார்த்து, அந்தந்தப் பக்கத்துச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். நிறம் முதலில் பழைய கோட்டோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். அதற்காக மேலே எதையும் பூசாமல் ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள், சாக்பீஸ் குறியிட்ட இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.